ஆறாத சுவர்கள்: காலனி வீடும் கோடை வெயிலும்

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி 2025 ஏப்ரலில் மணிமங்கலம் காலனியில் நடந்த மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் கருதிப் பேச்சில் விட்டுப்போன சில விவரங்கள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



கூட்டம் ஐந்து மணிக்கு என்று நோட்டீசில் போட்டிருந்தார்கள். இப்போது ஏழரை ஆகிறது. யாரையும் குறை சொல்ல முடியாது. ஐந்து மணிக்கு இந்தத் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார முடியாது, அவ்வளவு சூடு. இப்போது இவ்வளவு பேர் வந்து உட்கார்ந்திருப்பதும் என் பேச்சைக் கேட்க மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, வெளியே கொஞ்சம் காற்று வருகிறது. நான் பேச வந்ததும் அதைப் பற்றித்தான்.

என்னைக் கூப்பிட்ட அண்ணன், "நீ பி.எச்.டி. பண்றியேம்மா, அண்ணலோட பொருளாதாரச் சிந்தனையப் பத்திப் பேசு" என்றார். சரி என்றுதான் சொன்னேன். செங்கல்பட்டு வட்டாரத்துச் சேரிகளுக்கு வீட்டுமனை எப்படிக் கிடைத்தது, எப்படி மறுக்கப்பட்டது என்பதுதான் என் ஆய்வு. அதிலிருந்து அரை மணி நேரம் பேசிவிடலாம் என்று நினைத்தேன். போன வாரம் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே தலைப்பை மாற்றிக்கொண்டேன்.

பத்து மணி இருக்கும். கரண்ட் இருக்கிறது, மின்விசிறி ஓடுகிறது, தூக்கம் வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்து, "தொட்டுப் பாரு, அடுப்பு மாரி இருக்கு" என்றார். சூரியன் மறைந்து நான்கு மணி நேரம் ஆகியும் சுவர் ஆறவில்லை. ஆய்வுக்காக எத்தனையோ கட்டுக் காகிதங்களைப் புரட்டியிருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்த வீட்டின் சுவர் ஏன் ராத்திரி பத்து மணிக்குச் சுடுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. வெயில் என்றால் வெயில், அது எல்லோருக்கும் பொது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெயில் பொதுவா என்று பார்ப்போம்.

எங்கள் வீட்டை உங்களில் பலருக்குத் தெரியும். முன்பக்கம் அரசு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடு, கான்கிரீட் தளம். பின்பக்கம் தம்பி கல்யாணத்துக்காக நாங்கள் இழுத்துக் கட்டிய அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. இந்தக் காலனியில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. இந்த இரண்டு கூரையும் இரண்டு விதமாகச் சுடும்.

நம் ஊர் ஏறக்குறைய 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. அதனால் அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன்பே, ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி, உச்சி நேரத்தில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். நிழல் காலடியில் சுருங்கும். அப்போது வீட்டில் அதிக வெயிலை வாங்குவது சுவர் இல்லை, மொட்டைத் தளம்தான். கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே உள்ளே விடாது. பகல் முழுக்கக் குடித்து வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, சாயங்காலம் தொடங்கி ராத்திரி முழுக்கக் கீழே விடும். தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, அதற்கு மேல் தட்டோடு பதித்திருந்தால் சூடு இறங்குவது குறையும். காசு இருப்பவர்கள் வீட்டில் அது இருக்கும். எங்கள் தொகுப்பு வீட்டில் அது போடவே இல்லை. வெறும் தளம், கருத்துப் போய்க் கிடக்கிறது.

ஷீட்டு வேறு மாதிரி. மெல்லியது, எதையும் தேக்கி வைக்காது. காலை ஒன்பது மணிக்கே சுடத் தொடங்கும், பகலில் கீழே உட்கார முடியாது, பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். ஆக, ராத்திரி தூங்குகிறவருக்குக் கான்கிரீட் எதிரி, பகலில் தூங்குகிறவருக்கு ஷீட்டு எதிரி.

பகலில் யார் தூங்குகிறார்கள்? ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் சி ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவர்கள். என் தம்பி அங்கே ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபர். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டுக் காலை ஏழு, ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் இறங்குவான். சாப்பிட்டுப் படுக்கும்போது மணி எட்டரை. பத்து மணிக்கு ஷீட்டு அவனை எழுப்பிவிடும். அப்புறம் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு புரண்டுகொண்டே இருப்பான். போன வருடம் மே மாதத்தில் கம்பெனி பஸ்ஸிலேயே தூங்கிப்போய், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விட்டான். அன்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம். அதே தூக்கம் இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது வந்திருந்தால் சிரித்திருக்க முடியாது. கம்பெனிக்குள் நடக்கிற விபத்துக்குக் கவனக்குறைவு என்று எழுதுவார்கள். அந்தத் தொழிலாளி முந்தின பகலில் எந்தக் கூரைக்குக் கீழே படுத்திருந்தார் என்று யாரும் எழுத மாட்டார்கள்.

1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் தயாரிக்கத் தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் வந்த தொழிற்சாலைகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். சூடானால் பொருள் கெட்டுவிடும் என்கிற இடங்களில் ஏசி போட்டு வெப்பத்தை அளவோடு வைத்திருக்கிறார்கள். அந்தப் பொருளைச் செய்கிற கைகள் தூங்கும் இடத்துக்கு அந்தக் கணக்கு இல்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, இங்கே லைன் வீடுகளில் ஒரே அறையில் மாறி மாறிப் படுக்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அவர்களையும் நம் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அடுத்து, இந்த வீடு ஏன் இப்படி இருக்கிறது என்ற கேள்வி.

1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் நம் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்ததற்கு அதுதான் அடிப்படை என்று எல்லா மேடையிலும் பேசுகிறோம். 1994இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஜான் தாமஸையும் ஏழுமலையையும் நினைவுகூர்கிறோம். விளைநிலம் பற்றி அவ்வளவு பேசும் நாம், அந்த அறிக்கை குடியிருக்கும் மனையைப் பற்றியும் பேசியது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நம் முன்னோர் குடிசை போட்டிருந்த மண்ணே அவர்களுடையது இல்லை. மிராசுதாரர் மனையைத் தன்னுடையது என்பார். கூலி கூடக் கேட்டால், சொன்ன வேலைக்குப் போகாவிட்டால், மதம் மாறினால், குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். நாளைக்கு விரட்டப்படலாம் என்று இருப்பவர் எப்படிச் சுவர் எழுப்புவார், எதற்கு மரம் வைப்பார்?

குடியிருப்பு மனையை அதில் வாழ்பவருக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல்தான் வந்தது. 1974இல் தாட்கோ வந்தது. நம் மக்களின் வீட்டுமனைக்காக நிலம் எடுக்கத் தனிச் சட்டம் 1978இல் வந்தது. போராடிப் பெற்றவை இவை, குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கிடைத்த மனை எவ்வளவு? இரண்டு சென்ட், மூன்று சென்ட். தாத்தாவுக்குக் கிடைத்த மூன்று சென்ட் அப்பாவும் சித்தப்பாவும் பிரித்து ஒன்றரை ஆனது. பேரன் காலத்தில் பின்பக்கம் ஷீட்டு இறங்கியது. சுவரோடு சுவர் ஒட்டியது. ஜன்னல் வைத்தால் பக்கத்து வீட்டுச் சுவரைத்தான் பார்க்கும். ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேற வழி இருந்தால்தான் வீடு ஆறும். எங்கள் வீட்டில் காற்று நுழையும் வழியும் வெளியேறும் வழியும் ஒரே வாசல்தான்.

"மரம் வையுங்கள்" என்று ஒவ்வொரு ஜூன் 5ஆம் தேதியும் கன்று கொடுக்கிறார்கள். நானும் பள்ளியில் வாங்கி வந்தேன். வேப்பங்கன்று. வைக்க இடமில்லாமல் ஒரு பக்கெட்டில் வைத்தோம். ஊர்த் தெருவில் திண்ணை இருக்கிறது, கிணற்றடி இருக்கிறது, வீட்டுக்குப் பின்னால் தோட்டம் இருக்கிறது. அந்த நிழல் யாருடைய உழைப்பில், எத்தனை தலைமுறை நில உரிமையில் வந்தது? ஊர்நத்தம் ஒரு பக்கம், சேரிநத்தம் இன்னொரு பக்கம் என்று பிரித்தபோதே நிழலையும் காற்றையும் சேர்த்துத்தான் பிரித்தார்கள்.

இது நம் நாட்டில் மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்காவில் 1930களில் நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைச் சிவப்பு மையால் குறித்து, அங்கே வீட்டுக்கடன் கொடுக்காமல் ஒதுக்கினார்கள். 2020இல் வெளியான ஓர் ஆய்வு 108 நகரங்களைப் பார்த்தது. சிவப்பாகக் குறிக்கப்பட்ட பகுதிகள் மற்றவற்றைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் வரை கூடுதல் சூடாக இருக்கின்றன. கோடு போட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தத் தெருக்களில் மரம் குறைவு, தார் அதிகம். நம் கிராமங்களையும் அப்படி அளந்து பார்க்க வேண்டும். ஊரையும் காலனியையும் தனித்தனியாக வைத்து அளக்க வேண்டும்.

இந்த இடத்தில் சிலர் ஒன்று சொல்வார்கள். பத்திரிகைகளில் எழுதுகிறார்கள், கட்டடக் கலை படித்தவர்கள் கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். "அந்தக் காலத்து மண் சுவரும் ஓலைக் கூரையும் எவ்வளவு குளிர்ச்சி! கான்கிரீட் மோகத்தில் அதையெல்லாம் விட்டுவிட்டார்கள்" என்று. ஓலைக் கூரை குளிர்ச்சி என்பது உண்மை. என் பாட்டியும் அதையே சொல்வார். ஆனால் வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எந்தக் கூரைக்குக் கீழே எரிந்தார்கள்? ஒரு குடிசைக்குள். இந்த மண்ணில் எந்தச் சாதிக் கலவரத்திலும் முதலில் பற்ற வைக்கப்படுவது நம் கூரைதான். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனியில் கான்கிரீட் வீட்டையும் விடவில்லை, உள்ளே புகுந்து கொளுத்தினார்கள். அப்படியிருக்க நம்மைப் பார்த்துக் கீற்றுக்குத் திரும்பு என்றால் என்ன அர்த்தம்? நம் அம்மாக்களுக்குக் கான்கிரீட் என்பது மோகம் இல்லை. வருடா வருடம் கீற்று மாற்றக் கடன் வாங்காமல், மழைக்குப் பாத்திரம் வைக்காமல், தீக்குச்சிக்குப் பயப்படாமல் படுப்பதற்கான உரிமை. அந்த உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. கான்கிரீட் வீடு வேண்டும், அது மனிதர் வாழ்கிற மாதிரியும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் நியாயம்.

இனி பெண்களுக்கு இந்த வெயில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆண்கள் துண்டை விரித்து மொட்டை மாடியிலோ தெருவிலோ படுத்துவிடலாம். அம்மாவும் தம்பி மனைவியும் நானும் உள்ளேதான். கதவைத் தாழ் போட்டுத்தான் படுக்க வேண்டும். அடுப்பு இருப்பதும் அதே அறையில். கழிப்பறைக்குப் போவது சிரமம் என்றால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். கோடையில் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் கூடுவதற்கு அது ஒரு காரணம். ஆக, வெயில் ஒரே தெருவுக்குள், ஒரே வீட்டுக்குள்ளும்கூடப் பொதுவாக இல்லை.

தண்ணீர் என்றதும் அண்ணலின் நினைவு வராமல் இருக்காது. 1901, அவருக்கு ஒன்பது வயது. கோடை விடுமுறையில் அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் பயணம் போகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கி மாட்டுவண்டியில் இரவில் போகிறார்கள். கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. மகர் பிள்ளைகள் என்பதால் கொடுப்பார் இல்லை. தண்ணீர் இல்லாததால் அந்தச் சாப்பாட்டையும் சாப்பிடாமலே படுத்தார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக்குறிப்பில் இதை அவரே எழுதியிருக்கிறார். தாகம் உடம்பில் வருவது, தண்ணீரை மறுப்பது சாதி. 1927இல் மகாத் குளத்தில் அவர் கை வைத்தபோது அந்தச் சிறுவனின் தாகமும் அதில் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தண்ணீர்த் தொட்டிக்குள் மலத்தைக் கலந்த நாட்டில் இது பழங்கதை என்று யாரும் சொல்ல முடியாது.

இப்போது கொஞ்சம் கஷ்டமான விஷயம். போன மே மாதம் என் பெரியம்மா இறந்தார். ராத்திரி படுத்தவர், காலையில் எழுந்திருக்கவில்லை. சர்க்கரையும் பிரஷரும் இருந்தன. வயது மூப்பு என்று எழுதினார்கள். அந்த வாரம் முழுக்க அவர் சரியாகத் தூங்கவில்லை, தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெயில்தான் கொன்றது என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்று யாராலும் நிரூபிக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்லது. ஆனால் ரோட்டில் சுருண்டு விழுந்தால் வெயில் சாவு, வீட்டுக்குள் பாயில் போனால் மூப்பு. நம் பெரியம்மாக்கள் பாயில்தான் போகிறார்கள்.

1995 ஜூலையில் சிகாகோ நகரில் கடும் வெப்ப அலை அடித்தது. செத்தவர்களில் பலர் வீட்டுக்குள் தனியாகக் கிடந்த ஏழை முதியவர்கள். ஒவ்வொருவருக்கும் காரணம் தேடிக்கொண்டிருக்காமல், அந்த வாரம் வழக்கமாக எத்தனை பேர் இறப்பார்கள், இப்போது எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்த்தார்கள். 739 பேர் அதிகம். அகமதாபாத்தில் 2010 மே மாதத்தை அதே மாதிரி கணக்கிட்டபோது 1,344 பேர் அதிகம் என்று தெரிந்தது. அதற்கு அப்புறம்தான் 2013இல் அந்த நகரத்துக்கு வெப்பச் செயல்திட்டம் வந்தது. எண்ணினால்தான் சாவு சாவாகும். நம் காலனியில் கடந்த பத்து ஆண்டுகளில் ஏப்ரல், மே மாதங்களில் யார் யார் இறந்தார்கள் என்று நாமே எழுதலாம். நம் பிள்ளைகள் பள்ளி நோட்டில் எழுதிவிடுவார்கள்.

உடனே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. உரிமை வரும் வரை உயிரோடு இருக்க வேண்டுமே, அதனால் சொல்கிறேன்.

கான்கிரீட் தளத்தைப் பெருக்கிக் கழுவி, சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள். மழையில் சீக்கிரம் கரையாமல் இருக்கக் கொஞ்சம் பசை கலந்துகொள்ளலாம். கருத்த தளம் வெயிலைக் குடிக்கும், வெள்ளைத் தளம் திருப்பி அனுப்பும். ஏறி நிற்க ஆபத்தான ஷீட்டின் மேல் யாரும் ஏற வேண்டாம், அது உடைந்து விழுந்தவர்கள் உண்டு. ஷீட்டுக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பழைய பாயோ தென்னங்கீற்றுத் தட்டியோ கட்டுங்கள், அடுப்புக்கு மேலே மட்டும் வேண்டாம். பகலில் வெளியே அனல் என்றால் ஜன்னலை மூடுங்கள், ராத்திரி திறங்கள். சமையலை விடியலிலேயே முடித்துவிட்டால் நல்லது. கேழ்வரகுக் கூழ், நீராகாரம், மோர் எல்லாம் பாட்டி சொன்னதே சரி.

2011இல் அரசு கொடுத்த விலையில்லா மின்விசிறி பல வீட்டில் இன்னும் ஓடுகிறது. அதுவும் இல்லாவிட்டால் நாம் என்ன ஆகியிருப்போமோ. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அறை வெப்பம் 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி மட்டும் உதவாது, அனலைத்தான் உடம்பில் அடிக்கும். உடம்பை நனைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். யாராவது சம்பந்தமில்லாமல் பேசினால், நடை தடுமாறினால், உடம்பு கொதித்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பகலில் தனியாக இருக்கும் முதியவர்களை ஒரு நாளைக்கு இரண்டு தடவை யாராவது எட்டிப் பாருங்கள். பெரியம்மாவை நான் எட்டிப் பார்க்கவில்லை. அந்த வாரம் நான் ஆவணக் காப்பகத்தில் இருந்தேன்.

ஏசி வாங்கலாமே என்று கேட்கலாம். மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும், ராத்திரி எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். அரசு இலவசமாகக் கொடுப்பது 100. மீதிக்கு யார் கட்டுவது? அதோடு, ஏசி தன் சூட்டைத் தெருவில்தான் கொட்டும். இடைவெளியே இல்லாத தெருவில் வாங்க முடிந்தவர் வீட்டு அனல் வாங்க முடியாதவர் வாசலுக்குப் போகும். தனித்தனியாகத் தீர்க்கும் காரியம் இல்லை இது.

அதனால்தான் கோரிக்கை. மே 1 கிராம சபை வருகிறது. உழைப்பாளர் நாள். அன்று நாம் எல்லோரும் போய், நான்கு தீர்மானங்களை எழுத்தில் பதிவு செய்யச் சொல்வோம். ஒன்று, காலனியின் எல்லாத் தொகுப்பு வீட்டுத் தளத்துக்கும் சுருக்கியும் வெள்ளைத் தட்டோடும் அரசு செலவில் போட வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுக்கான நிதியை அதற்கே செலவிட 2024இல் சட்டமே நிறைவேற்றியிருக்கிறார்கள், அந்த நிதியில் இதைக் கேட்போம். இரண்டு, கலைஞர் கனவு இல்லத்தின் 360 சதுர அடி வீட்டுக்கு எதிரெதிர் ஜன்னலும், தளத்துக்கு வெயில் தடுப்பும் கட்டாயமாக வேண்டும். மூன்று, சமுதாயக் கூடத்தைக் கோடை முழுக்க இரவும் பகலும் திறந்து வைக்க வேண்டும். மின்விசிறி, குடிநீர், பெண்களுக்குத் தனி இடம் வேண்டும். சி ஷிஃப்ட் முடித்து வருகிறவர் பகலில் அங்கே படுக்கலாம். நான்கு, கோடையில் வீட்டுக்குள் நிகழும் சாவுகளையும் விசாரித்துப் பதிய வேண்டும்.

தீர்மானம் போட்டால் நடந்துவிடுமா என்று பின்னால் ஒரு சித்தி கேட்கிறார். நடக்காது சித்தி, உடனே நடக்காது. குடியிருக்கும் மனை நம் பெயருக்கு வரவே ட்ரெமென்ஹீர் எழுதி எண்பது வருடம் ஆனது. ஆனால் கேட்டவர்கள் இருந்ததால்தான் அதுவும் வந்தது. நாம் கேட்காமல் விட்டால், நம் வீடு சுடுவது இயற்கை, நம் பெரியம்மா செத்தது மூப்பு என்றே எழுதி முடித்துவிடுவார்கள்.

நாளை காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுத் தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். தம்பிக்கு வார விடுமுறை. இரண்டு மட்டை கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறோம். எங்கள் வீடு முடிந்ததும் பெரியப்பா வீடு, அப்புறம் யார் கூப்பிட்டாலும் அவர்கள் வீடு. மே 1 வரைக்கும் அடித்துக்கொண்டே போவோம். அன்று எல்லோரும் கிராம சபைக்குப் போவோம்.

ஜெய்பீம்.